பூசி மறைத்த விளக்கு

"இந்தக் குட்டிச் சிவப்புக் கண்ணாடிக்கும் பூசணுமா?"

"பூசு. வெளிச்சம் வர்ற ஒண்ணையும் விடாதே."

"ஆகாசத்துல பறக்கிறவனுக்கு இது எங்கேங்க தெரியப் போகுது? பட்டாணி அளவுதான் இருக்கு."

"ஆனி, விளக்கை மூடு, விளக்கை மூடுன்னு தெருத்தெருவா கத்திக்கிட்டுத் திரியற வார்டன் நான். என் வண்டியிலேயே வெளிச்சம் தெரிஞ்சா எதிர்வீட்டு காமாக்ஷி மாமி என்னை மென்னு துப்பிடுவாங்க."

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்த நாட்களில் நடந்த பேச்சு அது. பிள்ளைகளைத் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, சாந்தோம் வீட்டில் ஹென்றியும் ஆனியும் மட்டும் இருந்தார்கள். தெருவில் கடலின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே கிடையாது. கையில் கறுப்புப் பெயிண்டும் பிரஷுமாக அவள் காருக்குள் இடப்பக்கம் உட்கார்ந்திருக்க, அவன் வெளியே நின்று அதிகாரம் பண்ணினான். அவள் மூக்கு நுனியில் ஒட்டிய கறுப்பைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயத்திலும் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது.

சண்டை முடிந்த மறுவருஷம், ஒரு சனிக்கிழமை காலை, ஹென்றி மார்க்கெட்டிலிருந்து வந்தவன் கறிகாய்ப் பையைக்கூட இறக்காமல் கூடத்து நாற்காலியில் சரிந்தான்.

"வண்டி போச்சு, ஆனி."

லஸ் முனையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது டேஷ்போர்டிலிருந்து ஒரு கறுப்புச் செதில் உதிர்ந்ததாம். அதன் அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். இஞ்சினுக்குள் எண்ணெய் ஓட்டம் நின்றால் எரிகிற விளக்கு அது.

"எத்தனை வருஷமா எரிஞ்சுக்கிட்டிருந்துதோ. நாமதான் பெயிண்ட் பூசி அதோட வாயை அடைச்சு வச்சிருந்தோமே. உள்ளே எல்லாம் தேய்ஞ்சு தவிடாயிருக்கும். பழைய வண்டி வாங்கற புதுப்பேட்டை சேட்டு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கார். சாயங்காலம் வந்து இழுத்துக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

ஆனி கறிகாய்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். வண்டி போவதுகூடப் பெரிதில்லை. அந்த வண்டியை வைத்து அவள் ஒன்று கேட்பதாக இருந்தாள். வண்டியே போய்விட்டால் அப்புறம் எதைக் கேட்பது?

பெயிண்ட் பூசிய அதே மாதம்தான் சின்னமலையிலிருந்து ஆள் வந்தது, அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதென்று. ஹென்றி வார்டன் வேலையாக எங்கோ போயிருந்தான். ரிக்ஷாக்காரர்கள் எல்லாரும் ஊரைக் காலி செய்திருந்தார்கள். ஷெட்டில் வண்டி நின்றது, அதில் பெட்ரோலும் இருந்தது. ஓட்டத்தான் அவளுக்குத் தெரியாது. அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் கால்மிதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு நடந்தாள். வெயிலில் அடையாறு பாலத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்கள்.

"வண்டி கெடைக்கலைங்க" என்று மட்டும்தான் ஹென்றியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்க வாயெடுத்தாள். ஒருநாள் கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரி கார் ஓட்டிப் போனதைப் பார்த்து, "வீட்டுல வேலை இல்ல போலிருக்கு" என்று அவன் சிரித்தான். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

"சேட்டு வர்றதுக்கு முன்னாடி ஹனீஃபாவை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்களேன்" என்றாள் இப்போது.

"செத்ததுக்கு வைத்தியரா?"

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

மந்தைவெளியில் ஒர்க் ஷாப் வைத்திருந்த ஹனீஃபா சைக்கிளில் வந்து இறங்கினான். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்துத் துடைத்தான்.

"ஆயிலு ரொம்பிக் கீது சார். நீ சொல்ற மாதிரி அத்தினி வருஷம் ஆயில் ஏறாம ஓடியிருந்தா இஞ்சின் எப்பவோ மவுத்தாயிருக்கும். நீயும் நட்டநடுரோட்ல நின்னிருப்ப."

"அப்போ விளக்கு ஏன் எரியுது?"

"அத்தத்தான் பாக்கணும். நீ ஹேண்டில் புடி. நான் இஞ்சினாண்ட நிக்கறேன். உள்ள குந்தி வௌக்கப் பாக்க ஒரு ஆளு வேணுமே."

"நான் பார்க்கறேன்" என்றாள் ஆனி.

ஸ்டியரிங்கின் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது.

ஹனீஃபா இஞ்சின் பக்கவாட்டில், எண்ணெய் ஓட்டத்தை அறிகிற பித்தளைக் குமிழிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினான். "இப்ப இன்னாக்கா?"

"அணைஞ்சிருச்சு."

"அப்ப ஒயரு சுத்தம். ஒண்ணு, இந்தக் குமிழு பொய் சொல்லுது. இல்லாங்காட்டி நெசமாவே உள்ள ஆயில் ஏறல. சாவிய மூடுக்கா."

குமிழைக் கழற்றி எடுத்துவிட்டு, "சுத்து சார்" என்றான். ஹென்றி வண்டியின் முன்பக்கம் மாட்டிய ஹேண்டிலைச் சுற்றினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார், ஊட்ல சோறு போடலியா அக்கா?"

"நீ வேலையைப் பாருடா."

"நல்லா சுத்து. வருது, வருது."

குமிழ் இருந்த ஓட்டையிலிருந்து எண்ணெய் பொங்கி ஹனீஃபாவின் விரல்களில் வழிந்தது. ஹென்றி ஹேண்டிலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனி ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

சண்டைக்காலப் பெட்ரோல் ரேஷனில் வண்டி ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் போய் வந்து, மற்ற நாளெல்லாம் சும்மா நின்றதில், குமிழின் வாயில் எண்ணெய்க் கசடு கட்டியிருந்தது. ஹனீஃபா அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் குச்சியால் நோண்டி, ஊதி, மறுபடி முடுக்கினான். ஆனி சாவியைத் திருப்ப, ஹென்றி ஹேண்டிலைச் சுற்ற, இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது.

"சேட்டுக்கு டீ குடுத்து அனுப்பிடு சார்" என்று சைக்கிளில் ஏறினான் ஹனீஃபா.

ஹென்றி கையைத் துடைத்துக்கொண்டு சின்னப் பையனைப் போல் கதவருகே வந்தான். "இறங்கு ஆனி. அந்தப் பக்கம் உட்காரு. பீச் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

அவள் இறங்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன. காலடியில் இஞ்சினின் அதிர்வு மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா போன அன்னிக்கு வண்டி கெடைக்கலன்னு சொன்னேன்ல" என்றாள். "ரிக்ஷாதான் கெடைக்கல. இது இங்கேயேதான் நின்னுது. சாவிகூட என் கையில இருந்துது."

ஹென்றியின் கை கதவின் மேல் அப்படியே நின்றது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ சொல்லவே இல்லியே, ஆனி."

"இப்பச் சொல்றேன். நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."