அவர் உருவச் சொன்ன ஓலை

என் புருஷன் ஷப்தாய் சாவதற்கும் நாள் பார்த்தார். கூடாரப் பண்டிகைக்கு முந்தின நாள் விடியலில் மூச்சு நின்றது. எருசலேமில் பிணத்தைக் காக்கவைக்க மாட்டோம். மதியத்துக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. துக்க முறைப்படி கழுத்துப் பக்கம் கிழித்த சட்டையோடு வீட்டுக்கு வந்து தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த முக்காலிக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் பாவி என்பீர்கள். துக்க வீட்டுக்காரர் ஏழு நாள் உட்கார்ந்தே இருக்கலாம். சமைக்க வேண்டாம், பெருக்க வேண்டாம், அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டுவரும். வருஷக்கணக்கில் அவரைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் போட்டு என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அழக்கூட நேரம் கிடைத்ததில்லை. எல்லா அழுகையையும் அந்த ஏழு நாளுக்கென்று ஒத்திப்போட்டு வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு நாஜிமா கொடுத்த அவித்த முட்டையில் பாதிதான் தின்றிருப்பேன். கொழுந்தன் மொர்தேக்காய் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தான்.

"அண்ணி, எழுந்திருங்க. பொழுது சாஞ்சதும் பண்டிகை பொறக்கப் போகுது."

"அதுக்கு?"

"பண்டிகை வந்தா துக்கம் முடிஞ்சுது. ஏழு நாளும் இதோட கழிஞ்சுபோச்சு. சட்டம்."

"சட்டத்தைத் தூக்கி அடுப்புல போடு. ஒரு முட்டை தின்னு முடிக்கல, அதுக்குள்ள ஏழு நாளா?"

"எனக்கும் துக்கம்தான், அவர் என் அண்ணன்," என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையை எடுக்கப் போனான்.

எழுந்தேன். நல்ல உடுப்பை மாட்டினேன், விளக்கேற்றினேன். கோபம் இருந்ததால்தான் கால் நடந்தது.

கூடாரம் பால்கனியில் தயாராக நின்றது. பலகைச் சுவர், மேலே பேரீச்ச ஓலை. போன வாரம் படுக்கையில் கிடந்தபடியே அவர் தம்பியை அதற்காக வாட்டி எடுத்திருந்தார்.

"என்னடா இது, அடுப்பங்கரைக் கூரையா? நட்சத்திரம் தெரியணும்டா. இன்னும் ரெண்டு ஓலையை உருவு."

"மழை வந்தா?"

"வரட்டும். நம்மளக் காப்பாத்தறது கூரை இல்ல, மேல இருக்கிறவன்தான்னு தெரியத்தானே வீட்டை விட்டுட்டு இதுல வந்து உட்கார்றோம்?"

மொர்தேக்காய் முணுமுணுத்துக்கொண்டே உருவினான். அவர் நாற்காலிக்கு நேர் மேலே பெரிய ஓட்டை விழுந்தது.

இப்போது அந்த நாற்காலியில் பூவேலைத் துணி விரித்திருந்தான். முதல் ராத்திரி கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாக வரும் எங்கள் குலத்தகப்பன் ஆபிரகாமுக்கு அது. வேறு யாரும் உட்காரக் கூடாது. திராட்சரசக் கிண்ணத்தைத் தூக்கி ஆசீர்வாதம் சொன்னான். "எங்கள் மகிழ்ச்சியின் காலம்" என்ற இடத்தில் இருமினான். அதே இடத்தை மறுபடி சொல்லி முடித்தான். ரொட்டியைப் பிட்டோம். என் மகள் ஒஃப்ரா இறைச்சி உருண்டை போட்ட புளிப்புச் சூப்பைக் கொண்டுவந்தாள். கூடவே மழையும் வந்தது.

"சூப்புல தண்ணி விழுந்தா உள்ள போயிடலாம், சட்டமே விடுது," என்றான் மொர்தேக்காய். "அண்ணி, எழுந்திருங்க."

ஒஃப்ரா தட்டுகளோடு உள்ளே ஓடினாள். எனக்கோ அந்த 'எழுந்திருங்க'வைக் கேட்டதும் உடம்பெல்லாம் அலுத்துப்போயிற்று. எழுந்தேன். ஆனால் உள்ளே போகவில்லை. பூவேலைத் துணியை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அண்ணி! போகலாம்னு விட்ட பிறகும் மழையில உட்கார்றவன் மடையன்னு சட்டத்துலயே இருக்கு."

"மடச்சியாவே இருந்துட்டுப் போறேன். ஆபிரகாம் வந்தா நிக்கட்டும், விருந்தாளிங்க சாப்பிடப் பக்கத்துல நின்னு பரிமாறிப் பழகினவர்தானே. நான் உட்காரணும்."

ஓட்டை வழியாக மழை என் தலையிலும் முகத்திலும் கொட்டியது. பண்டிகையில் அழக் கூடாது. கன்னத்தில் வழிவது எதுவென்று இனி யார் கண்டார்கள்? அழுதேன். ஒத்திப்போட்டதையெல்லாம் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம். வெள்ளைச் சட்டை நனைந்து ஒட்டியிருக்க மொர்தேக்காய் உட்கார்ந்திருந்தான்.

"நீயும் மடையனா?"

"ஆமா அண்ணி," என்றான். முகத்தை ஓட்டைப் பக்கம் தூக்கிக்கொண்டான்.