ஏ.சி. அறைக்கு இரண்டு பூட்டு

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் துறைக்கு என்னைத் தலைவராகப் போட்டதற்கு ஒரே காரணம், வேறு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான். எண்பத்தேழாம் வருஷம் அது. நான் கணக்கு வாத்தியாரம்மா. கோடை விடுமுறையில் மதுரைக்குப் போய்ப் படித்து ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். போடிநாயக்கனூரில் அது போதும், விஞ்ஞானியாக்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் இரண்டு வந்தது. அதற்கென்று ஏ.சி.யும் வந்தது. திறப்பு விழாவன்று கல்லூரிச் செயலாளர் ஜக்கையன் அந்த அறையில் வெகுநேரம் நின்றார். கம்ப்யூட்டரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. ஏ.சி.யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை. வெளிச்சமும் வெக்கையும் பட்டால் வெளிறிப்போகும். விலை ஏறும்வரை வைத்திருக்கவும் வேண்டும், பச்சை போகவும் கூடாது. அடுத்த வாரமே கம்ப்யூட்டர் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, மூட்டைகளை இறக்கி, பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்.

"வெலை ஒசந்த சாமானும்மா, பத்திரமா இருக்கட்டும்" என்றார் என்னிடம். எந்தச் சாமான் என்று நான் கேட்கவில்லை.

கரும்பலகையில் கீபோர்டை வரைந்து பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பெஞ்சின் மேல் விரலால் தட்டிப் பழகினார்கள். சிலமலையிலிருந்து பஸ்ஸில் வரும் அன்னக்கொடி ஒருநாள் எழுந்து, "டீச்சர், இந்த மிசினு நெசமாவே இருக்கா, இல்ல சாமி மாதிரியா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வரப்போகிறார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் மொத்தமாக ஃபெயிலாவார்கள், பாடத்தையே பல்கலைக்கழகம் எடுத்துவிடும். ஃபெயிலானால் கல்யாணம்தான் என்று அன்னக்கொடி வீட்டில் இப்போதே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள்.

செயலாளரிடம் நடையாய் நடந்தேன். "வெலை வரட்டும்மா" என்பார். மார்க்கெட் ஏறினால் இன்னும் ஏறட்டும் என்பார், இறங்கினால் ஏறட்டும் என்பார். கடைசியில் சவுகத் அலி இரும்புக் கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பூட்டாக ஒன்று வாங்கி வந்து, அவர் பூட்டுக்கு மேலே மாட்டிவிட்டேன்.

ஒருவழியாக அவர் நினைத்த விலை வந்து, காயை ஏலம் விடுவதற்கு முதல்நாள் லோடு ஏற்ற ஜீப்பு வந்தது. கூடவே செயலாளரும் வந்தார்.

"எம்பூட்டுக்கு மேல எவன் பூட்டு இது?"

"என்னுதுய்யா."

"நாளைக்கு ஏலம். வெரசா சாவியைக் கொண்டா."

"தர்றேன். உங்க சாவியை எனக்குக் குடுத்துருங்க. மூட்டையெல்லாம் எடுத்துக்கங்க. இனிமே ரூம்பு பிள்ளைகளுக்கு."

அவர் பியூனைப் பார்த்துக் கத்தினார். "ஏலே பெரியகருப்பா, கடப்பாரையைக் கொண்டா!"

"தாராளமா ஒடைங்க. சத்தத்துக்கு ஊரு கூடும். மாசக்கணக்காக் கெடந்த சரக்குன்னு எங்க அத்தா காதுக்கும் போகும்."

அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா இப்ராஹிம், வடக்கத்தி வியாபாரிகளுக்காக ஏலத்தில் காய் எடுப்பவர். செயலாளரோ இதை அன்றாடம் மலையிலிருந்து இறங்கும் புதுச் சரக்கென்று விற்பவர். பழசு என்று பேச்சுக் கிளம்பினால் விலை அதோடு போயிற்று. அவர் கடப்பாரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாவாரி மக புத்தி போகுமா" என்று சாவியை நீட்டினார். "அத்தாகிட்ட மூச்சு விடக் கூடாது."

"விடமாட்டேன்யா."

மூட்டைகள் போன பிறகும் அறை பாயசமாய் மணத்தது. அன்னக்கொடி தன் பெயரை அடித்தாள். ஓர் எழுத்து தப்பிப்போனது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அழித்த தடமே இல்லை என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம், பிறகு வேண்டுமென்றே தப்புத் தப்பாக அடித்து அழித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அத்தா ஒரு கை ஏலக்காயோடு வீட்டுக்கு வந்தார். "ஏம்மா கமரு, இது ஒங்க செயலாளரு சரக்கு. இன்னைக்கு ஒசந்த வெலை நாந்தான் கேட்டேன். பச்சையைப் பாரு!"

பெற்ற தகப்பன் ஏமாந்து வந்து நிற்கிறார், நானோ வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். "நல்லா இருக்குத்தா" என்று சொல்லி வைத்தேன்.

"நல்லா இல்லாம? ஒங்க காலேஜு ஏ.சி.ல கெடந்த காயில்ல."

"தெரியுமா?"

"மோந்தாலே தெரியாதா? ஏலக்கடை பூராவும் தெரியும். வடக்கத்தியானுக்குக் கலருதான் வேணும். கலருக்குத்தான் காசு குடுத்தேன்."

ஊருக்கே தெரிந்த ரகசியத்தைக் காட்டியா அந்த மனுஷனை மிரட்டினேன்! சிரிப்பை அடக்க முடியவில்லை. அத்தா சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்மகிட்டயும் கொஞ்சம் சரக்குக் கெடக்கும்மா. இப்ப சாவி ஒங்கிட்டதானே. ஒரு ஓரமா..."

பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று சொந்தபந்தம் சொன்னபோது, ஒருவரையும் லட்சியம் செய்யாமல் என்னைப் படிக்க வைத்தவர். அவர் பேச்சை நான் தட்டியதே இல்லை.

"ஓரம் இல்லத்தா. அங்க அன்னக்கொடி உக்காந்திருக்கா."

"அன்னக்கொடியா? எந்த எஸ்டேட்டுக்காரி? எத்தனை மூட்டை போட்டிருக்கா?"

"எஸ்டேட்டுக்காரி இல்லத்தா" என்றேன். "படிக்க வர்ற பிள்ள."