பட்டியலின் முதல் எண்

பைண்டிங் கடையில் பசை வாடை தூக்கலாக இருந்தது. ராதாமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். "அண்ணே, அட்டை போட வேணாம். அம்புட்டையும் அப்படியே நிறுத்துங்க."

கடைக்காரர் கருப்பு நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, பசை தடவியாச்சே! வியாழக்கிழமை கல்யாணம், அதுக்குள்ள வேணும்னு உசுர வாங்கினது நீங்கதான?"

அவளேதான். கல்யாணத்துக்கு முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம். மாப்பிள்ளை வீடு சேலம்; தறி வைத்திருக்கிற பெரிய குடும்பம். அங்கே போன பிறகு கணக்கு, ஆராய்ச்சி என்று யாரிடம் வாய் திறப்பது? இப்போது கொடுக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் பரண் ஏறிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் ஓடி வந்திருந்தாள்.

அவளுக்கும் கூட ஆராய்ச்சி செய்த பட்டாபிராமனுக்கும் வழிகாட்டி ஒருவரே. ஒரே கணக்கை இரண்டாகப் பிளந்து முதல் பாதியை அவளிடமும் மறு பாதியை அவனிடமும் கொடுத்திருந்தார். பிடிவாதக்காரர். இரண்டு ஆய்வேட்டின் கடைசியிலும் மேற்கோள் பட்டியல் ஒன்றாகவே இருக்க வேண்டும். அவளுடையதில் ஒரு கட்டுரைக்கு என்ன எண்ணோ, அவனுடையதிலும் அதே எண்தான். தட்டச்சுக்கு வைத்திருந்த லேடெக் கெட்டிக்கார மென்பொருள். ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, எண் போட்டு, உள்ளே வருகிற இடங்களிலும் தானே மாற்றிவிடும். ஆனால் பக்கத்து வீட்டில், அதாவது மற்றவர் ஆய்வேட்டில், என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக ஒரு பிளாப்பியில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பிளாப்பி மற்றவரிடம் போகும். இரண்டு இடத்திலும் எண்கள் ஒன்றாக நகரும். சோப்பு டப்பாவுக்குள் அந்தப் பிளாப்பி மதுரையில் பரவைக்கும் தெப்பக்குளத்துக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! என்ன நாட்கள் அவை. போகப் போகக் கட்டுரைகளுக்குப் பெயரே மறந்துபோனது. "பதினேழு சரியில்லைங்க" என்பாள் இவள். "முப்பதைப் பாருங்கோ, அதுல இருக்கு" என்பான் அவன். கேண்டீன்காரர் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போவார். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை அவனிடம்கூட அவள் சொன்னதில்லை.

அன்று காலை நூலகத்துக்குப் புது இதழ் வந்திருந்தது. பட்டாபியின் நாலாவது அத்தியாயத்தில் ஒரு இடம் ரொம்ப நாளாக ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. அதற்கு முட்டுக் கொடுக்கிற கட்டுரை அந்த இதழில் இருந்தது. எழுதியவர் பெயர் ஆங்கில ஏ-யில் ஆரம்பம். இரண்டாவது எழுத்தும் ஏ. சேர்த்தால் பட்டியலின் தலையிலேயே போய் உட்காரும். கீழே இருக்கிற அத்தனை எண்ணும் ஒவ்வொன்று தள்ளிப்போகும்; அவளுடையதிலும்தான்.

"உங்களோடது பைண்டிங்குக்குப் போயாச்சு. நான் நாலாவது அத்தியாயத்தையே எடுத்துடறேன்," என்றான் பட்டாபி பஸ் ஸ்டாப்பில், பஸ் வருகிறதா என்று பார்ப்பவன் போல.

"அதுதானங்க உங்க தீசிஸே?"

"நீங்க கல்யாணத்தைப் பாருங்கோ, ராதாமணி."

வந்த பஸ்ஸில் ஏறி நேரே கடைக்கு வந்துவிட்டாள்.

கருப்பு முணுமுணுத்துக்கொண்டே தாள்களைப் பிரித்தார். மறுபடி அச்சு, மறுபடி நகல், மறுபடி வழிகாட்டியின் கையெழுத்து. வீட்டில் அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள், மருதாணி சிவந்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சேலத்திலிருந்து கணவர் சாய்குமாரோடு வந்தாள். வெளியூர்த் தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். "லிஸ்ட்ல முதல்ல இருக்கற பேப்பரை நீங்க எந்த இடத்துலயும் பயன்படுத்தலையேம்மா?"

வழிகாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராதாமணி முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். ஆனா அது இல்லாம என் தீசிஸை நான் குடுத்திருக்க மாட்டேன்."

தேர்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். கடைசி வரிசையில் சாய்குமார் இன்னொரு பிரதியை மடியில் விரித்து, அந்த முதல் எண்ணின் மேல் விரலை வைத்து, வெள்ளைக்காரப் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். வாயில் நுழையவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பிரதியை நீட்டி, இதை எப்படிச் சொல்லணும் என்று கேட்டார். பட்டாபி குனிந்து, மெதுவாக, அவருக்கு வரும்வரை சொல்லிக்கொடுத்தான்.