கடைசி எழுத்து

குறுவைக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். கை ஈரம். கைப்பேசியை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன். சூடானிலிருந்து தம்பி ஜோசப்ராஜ், பத்திரிகை நிருபர். இரைச்சலுக்கு நடுவே, "அக்கா, தண்ணி வந்துடுச்..." என்றான். கடைசி எழுத்து கேட்கவில்லை. "வந்துடுச்சு" என்றேன். சிரித்தான். தொடர்பு அறுந்துவிட்டது.

அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. சண்டை நடக்கும் இடங்களில் போனை ஒட்டுக்கேட்பார்கள். தமிழ் புரியாவிட்டாலும் ஊர்ப் பெயர் புரிந்துவிடும். அதனால், ஆபத்தான சாலையைக் கடந்து சேர்ந்ததும் 'தண்ணி வந்துடுச்சு' என்பான். காதில் விழுந்ததற்கு அடையாளமாக நானும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் மனைவி பிரின்ஸி தஞ்சாவூரில் டீச்சர். வகுப்பில் போன் எடுக்க முடியாது. இடைவேளையில் நான் அவளிடம் சொல்வேன். மதியத்துக்குள் செய்தி வராவிட்டால் அவள் அவன் பத்திரிகையின் டெல்லி அலுவலகத்துக்குச் சொல்லி, தேட ஆள் அனுப்ப வைப்பாள்.

அன்று அவள் சொல்லவில்லை. சேர்ந்துவிட்டான் என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

பூதலூரில் சைக்கிளில் கரை கரையாகச் சுற்றி, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததைத்தான் முதல் செய்தியாக எழுதினான். பிறகு டெல்லி, காத்மாண்டு, காபூல். ஒருமுறை கலைந்தோடிய கூட்டத்தை மடை உடைந்ததுபோல் என்று எழுத நினைத்து, "மடைக்கு இங்கிலீஷ்ல என்னக்கா?" என்று காபூலிலிருந்து கேட்டான். பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. "கல்யாண வெடின்னு நெனச்சுக்கக்கா" என்றான். எந்த ஊரிலிருந்து கூப்பிட்டாலும் ஆனி மாதம் என்றால் என் உடம்பைக் கேட்பதற்கு முன் வாய்க்காலைத்தான் கேட்பான்: தண்ணி வந்துடுச்சா?

அன்றும் அவன் அதைத்தான் கேட்டிருக்கிறான் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. அவன் போன கார் நடுவழியிலேயே குண்டுபட்டு நின்றிருந்தது. சாயங்காலம்வரை அவனுக்கு உயிர் இருந்ததாக, பிழைத்த டிரைவர் பின்னால் சொன்னார். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது அடக்கத்துக்கு முந்தைய நாள்.

அவனுடைய முதல் வருஷத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்த பிரின்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் 'வந்துடுச்சா' என்று கேட்டதை நான் 'வந்துடுச்சு' என்று எடுத்துக்கொண்டேன் என்றேன். 

"தேடியிருப்பாங்க அண்ணி. கெடச்சிருப்பாரான்னு தெரியாது."

"நான்தான் யோசிச்சிருக்கணும்."

"அவரும்தான். ஏற்பாடு வச்சதே அவரு. வயல் நெனப்பு வந்தா எல்லாம் மறந்துடும் அந்த ஆளுக்கு." பிறகு கேட்டாள்: "சிரிச்சாருன்னா சொன்னீங்க?"

"சிரிச்சான்."

"தண்ணி வந்துடுச்சுன்னு நெனச்சுத்தான் சிரிச்சிருப்பாரு."

என் கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. எழுந்து போகவும் இல்லை. சாப்பிடலாமா என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று. கார்ட்டூம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஒன்பதரை. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.