ரோஹிணியின் வயிறு

கம்பெனி பஸ் சாகண் தொழிற்பேட்டையை நெருங்கும்போதே ரோஹிணிக்கு வயிறு முறுக்கத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாங்வியிலுள்ள தன் வீட்டில் எவ்வளவு காரம் தின்றாலும் சும்மா கிடக்கிற வயிறுதான் அது.

கார் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவள் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். மேலாளர் முகுந்த் சென்னைக்காரன். மராத்தி பேசும் ஊரில் தமிழ் பேசும் ஒருவர் மேலாளராக வருகிறார் என்று கோயம்புத்தூர்க்காரியான அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

ஒருநாள் மீட்டிங் நடுவே அவள் அவசரமாக எழுந்தபோது அவன் கதவை மறித்து நின்றான்.

"அடிக்கடி என்ன ரோஹிணி? முடிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தாள். அடக்க முடியாமல் நாற்காலியிலேயே போய்விட்டது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொல்ல, அறையே சிரித்தது.

டாக்டர் நஸ்ரின் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். புண் இல்லை, கட்டி இல்லை. இரிட்டபிள் பவல் என்றார். மூளையும் குடலும் நரம்பு வழியே ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பயந்தால் குடல் கலங்கும், குடல் கலங்கினால் பயம் கூடும். இது கற்பனை இல்லை, வலி நிஜம் என்று சொல்லி மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்தார்.

மூச்சை இழுத்து விட்டபடியே ரோஹிணி முகுந்தை எங்கே அடிக்கலாம் என்று யோசித்தாள். அவனுக்கு வேலை தெரியாது. கஸ்டமர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பக்கத்திலிருந்து பதில் சொல்வது அவள். பெயர் வாங்குவது அவன்.

ஜெர்மனியிலிருந்து பெரிய கஸ்டமர் வந்த அன்று இயக்குநரும் அறையில் இருந்தார். முதல் கேள்வியிலேயே முகுந்த் அவள் பக்கம் திரும்பினான். ரோஹிணி எழுந்தாள். தனக்கு வயிறு சரியில்லை என்றும், முகுந்த் எல்லாவற்றையும் விளக்குவார் என்றும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தாள்.

"ரோஹிணி, உட்காரு. ப்ளீஸ்," என்றான் தாழ்ந்த குரலில்.

"அடக்க முடியாதுங்க சார். நீங்களே பார்த்திருக்கீங்க."

நேராக கேண்டீனுக்குப் போய் வடா பாவ் வாங்கி, கூட வைத்த பச்சை மிளகாயையும் கடித்துத் தின்றாள். வயிறு அசையவில்லை. மேலே முகுந்த் உளறிக்கொட்டிக்கொண்டிருந்தான்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அந்த வாரமே அவனைக் குடோனுக்கு மாற்றினார்கள். ரோஹிணிக்கு வியாதி ஒரேயடியாகப் போய்விடவில்லை. புது மேலாளர் குரலை உயர்த்தும் நாட்களில் இன்னும் முறுக்குகிறது. மாத்திரை தொடர்கிறது.

ஒரு சாயங்காலம் முகுந்த் பஸ் அருகே வந்து நின்றான்.

"வேணும்னேதானே எழுந்து போன?"

"ஆமாங்க சார்."

"என் வாழ்க்கையே போச்சு."

"தெரியுமுங்க."

அவன் கண் கலங்கியது. ரோஹிணி அவசரப்படாமல் நின்று அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.