அலகு வைத்த தொப்பி

இங்கிலாந்தின் டெர்பிஷயர்க்காரர்கள் வாயைத் திறந்தாலே 'டக்'தான். பால்காரரும் டக், பாதிரியாரும் டக், காலில் மிதிபட இருந்த பூனையும் டக். கண்ணே, ராசா, தங்கமே எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே வாத்து. ஆனால் மேவிஸ் டாம்லின்சன் அம்மாள் மட்டும், தன் மகள் பெரிலைக் கட்டப்போகும் நைஜலை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "மிஸ்டர் ராக்" என்பாள். பஸ் ஓட்டும் நைஜலுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

சனிக்கிழமை கல்யாணம். வியாழன் சாயங்காலம் நைஜல் ஆடும் கிரிக்கெட் கிளப்பில் மேட்ச். அந்தக் கிளப்பில் ஒரு பொல்லாத விதி உண்டு. ரன் எடுக்காமல் டக் அவுட்டானவர், ஆரஞ்சு அலகு வைத்த மஞ்சள் கம்பளித் தொப்பியை அடுத்த வியாழன் மேட்ச் வரை போட்டுக்கொண்டு திரிய வேண்டும். தூங்கும்போது மட்டும் விலக்கு. முப்பது வருடத்தில் ஒருவரும் மீறியதில்லை. பாதிரியார் ஒரு சாவுச் சடங்கையே அதோடு நடத்தினார். அழ வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

"அந்தக் கண்றாவியோட சர்ச் வாசல்ல வந்து நின்னீங்கன்னா, மிஸ்டர் ராக், எம்பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மேவிஸ் சொல்லிவிட்டாள்.

"பேசாம ஆடாம இரேன், டக்" என்றாள் பெரில்.

"நான் போகலன்னா பத்துப் பேருதான். ஒரே ஒரு ரன்தானே, டக்? எடுத்துர மாட்டேனா?"

அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு தடவை எடுக்காதவன் பேசுகிற பேச்சு அது.

முதல் பந்து நேராக மண்டைக்கு வந்தது. "டக்!" என்று அலறினார் கேப்டன் ஆல்சாப். குனியச் சொல்லவும் அங்கே அதே சொல்தான். நைஜல் குனிந்தான், பிழைத்தான். இரண்டாம் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான். பந்து புதருக்குள் போய் விழுந்தது.

"ஓடு டக், ஓடு! நடந்தே போகலாம்டா!"

ஓடினான். பாதி தூரத்தில், ஓடையிலிருந்து ஏறி வந்த ஒரு வாத்து, பின்னால் ஆறு குஞ்சுகளோடு, ஊர்ச்சொத்து முழுக்கத் தன்னுடையது போல ஆடி அசைந்து குறுக்கே போனது. நைஜல் சடக்கென்று நின்றான். பஸ் ஓட்டுகிற பழக்கம், கையை நீட்டி எதிரே ஓடிவந்தவனையும் நிறுத்தினான். புதரிலிருந்து பந்து பறந்து வந்தது, ஸ்டம்ப் சாய்ந்தது. ஆறாவது குஞ்சு அப்போதுதான் கடந்து முடித்தது. அம்பயராக நின்ற பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே விரலைத் தூக்கினார். தேநீர் மேசைக்குப் பின்னால் தாயும் மகளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சனிக்கிழமை சர்ச் வாசலில் நைஜல் கறுப்புக் கோட்டும் மஞ்சள் வாத்துமாக நின்றான்.

"கழட்டுங்க, மிஸ்டர் ராக்."

"முடியாதுங்க. விதி."

காரிலிருந்து இறங்கிய பெரில், முகத்திரை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஆறு குஞ்சுக்காக நின்னவன். எனக்காக நிக்க மாட்டானா?"

மேவிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வியாழக்கிழமையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு அவள் உதட்டோரம் துடித்தது.

"அலகு கோணலா இருக்கு" என்றாள். "கொஞ்சம் குனி, டக்."

நைஜல் குனிந்தான். நிமிர அவனுக்கு மனமே வரவில்லை.