பயம் கீதா?

அந்த கேம் சி.டி. பர்மா பஜாரில் வாங்கியது. படம் வந்தது, பாட்டு வந்தது, கார் மோதுகிற சத்தம் வந்தது. ஹீரோவின் பேச்சு மட்டும் வரவில்லை. பறக்கிற ஹீரோ, முதுகில் சிவப்புத் துணி, முன்னால் பானை வயிறு. கட்டடத்தின் மேல் இறங்கினால் தளம் பெயரும். வேகமாகப் பறந்தால் துணி விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவான். அப்போதும் யாரையோ அதட்டுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவான். அவனுடைய வெளிநாட்டுப் பேர் யார் வாயிலும் நுழையாததால் தொப்பை என்று பேர் வைத்தோம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஜெபசிங் அண்ணாச்சி நடத்திய பிரவுசிங் சென்டரில்தான் தொப்பை இருந்தான். நான் எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் லாரி நம்பர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். வேலை விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். பொம்பளைப் பிள்ளைக்கு கேம் சென்டரில் என்ன வேலை என்று முறைத்தவர்கள் உண்டு. முறைத்து முறைத்து அவர்களுக்குத்தான் கண் வலித்தது.

இந்த விளையாட்டில் இப்படித்தான் போக வேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. ஊரே திறந்து கிடக்கும். திருடனைப் பிடிக்கலாம், பிடிக்காமல் மேம்பாலத்தில் உட்கார்ந்து காலை ஆட்டலாம். எங்கள் பக்கம் மாதிரியே அங்கேயும் புகை கக்குகிற கம்பெனி இருந்தது. முதல் நாளே தொப்பையை அதன் புகைபோக்கி மேல் உட்கார வைத்தேன். பின்பக்கம் பற்றிக்கொண்டு அலறிப் பறந்தான், அதுவும் சத்தமில்லாமல். பாவமாக இருந்தது. ஊரைக் காப்பாற்றுகிறவன் ஊமையாக இருந்தால் எப்படி? அன்றைக்கே அவனுக்காக நான் பேச ஆரம்பித்தேன். எனக்குக் கட்டைக் குரல். போனில் பேசினால் சார் என்பார்கள். தொப்பைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

“இன்னா மாமு, பேங்க்ல கீறது உன் தாத்தா சேத்து வெச்ச துட்டா? மூட்டைய கீழ வை. பயம் கீதா? கீதுல்ல? அப்போ வை.”

பக்கத்து மிஷின்களில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எங்கள் தெரு தீனா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவினான்.

“ஷாலு, இன்னொரு தபா சொல்லேன்,” என்றான்.

கொஞ்ச நாளில், தொப்பை வெளியே கிளம்புகிறான் என்றால் எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார்கள். சாத்தான்குளத்துக்காரரான அண்ணாச்சி அதிகம் சிரிக்க மாட்டார். அவரே கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்ப்பார். ஒரு நாள் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“ஏ பிள்ள, இது ஒனக்குன்னே போட்டிருக்காவ. போயிட்டு வா.”

கிண்டியில் ஒரு கம்பெனி அதே விளையாட்டைத் தமிழில் கொண்டுவருகிறதாம். ஹீரோவுக்குக் குரல் வேண்டுமாம். ஆண், பெண் யாரும் வரலாம். மேடையில் விளையாடிக்கொண்டே பேசிக் காட்ட வேண்டும். பிடித்தால் கம்பெனியில் வேலை.

எனக்கு அந்த வேலை வேண்டும். வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருக்கிற அளவுக்கு வேண்டும். லாரி நம்பர் அடிக்க என் விரல் போதும், நான் தேவையில்லை. தொப்பைக்கு நான் தேவைப்பட்டேன். தூக்கத்தில்கூட அவன் பறக்கிற ஊரைத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தீனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏ.சி. ஹால், நிறையக் கூட்டம், பெரிய திரை. எனக்கு முன்னால் ஆடியவர்கள் எல்லாம், “தீயவனே, நில். உன்னை விடமாட்டேன்,” என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினார்கள். தொப்பை கம்பத்தில் தலைகீழாகத் தொங்கும்போதும் அதே குரல். கூட்டம் மரியாதைக்குக் கை தட்டியது.

என் முறை வந்தது. பாலத்தின் ஓரத்தில் ஒரு பஸ் பாதி தொங்குகிறது. உள்ளே சனங்கள், கூரை மேல் திருடர்கள். மைக்கைப் பிடித்தேன்.

“யம்மா, யாரும் எந்திரிக்காதீங்க, வந்துகினேகீறேன். டேய் கூர மேல கீறவனே, டிக்கெட் எட்த்தியா? பயம் கீதா? கெட்டியா புட்ச்சிக்கோ, உன்னயுந்தான் காப்பாத்தணும், இன்னா பண்றது.”

பஸ்ஸைத் தூக்கி நிறுத்தினேன். துணி கதவில் மாட்டிக்கொண்டு தொப்பை பஸ்ஸோடு இழுபட்டுப் போனான். “யோவ் டிரைவரு, காப்பாத்துன ஆள இட்டுகினு போறியே, நாயமா?” என்றேன். ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கம்பெனியில் தமிழுக்குப் பொறுப்பான பரசுராமன் சார் மேடைக்கு வந்து தன் மைக்கைத் தட்டினார்.

“பிரமாதம். ஒரு சின்ன சந்தேகம். அடிக்கடி கீதா, கீதான்னு சொல்றீங்களே, யாரது? ஹீரோவோட லவ்வரா?”

கூட்டம் மறுபடி சிரித்தது. முதலில் சிரித்தது தொப்பையைப் பார்த்து. இது என்னைப் பார்த்து. கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவோடு நின்றார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவராம்.

“கீதா யாரும் இல்ல சார். இருக்கான்னு கேக்குறதுதான் கீதா. பயம் கீதா, பயம் இருக்கா.”

“ஓ,” என்றார். அதையும் எழுதிக்கொண்டார். “வேலை உங்களுக்குத்தாம்மா. ஆனா ஹீரோவுக்கு இல்ல. திருடனுங்களுக்கு. கேம்ல வர்ற அத்தனை ரவுடிக்கும் நீங்கதான் குரல். ஹீரோவுக்கு டீசன்ட்டா வேற பார்த்துக்கறோம்.”

“இதே குரல்லதான சார் இப்ப பஸ்ஸ காப்பாத்துனேன்?”

“காமெடிக்கு சரி. குழந்தைங்க ஆடறதும்மா. ஹீரோ இப்படிப் பேசினா நல்லவன்னு நம்புவாங்களா?”

தலையாட்டினால் திங்கட்கிழமையிலிருந்து கிண்டி. ஆட்டாவிட்டால் மறுபடி லாரி நம்பர். கீழே தீனா, சரின்னு சொல் என்று கண்ணைக் காட்டினான்.

“எனுக்கு ஜொரம் வந்தா எங்கம்மா பக்கத்துல குந்திகினு, தலவலி கீதான்னுதான் சார் கேக்கும். எங்கம்மா திருடியா?”

“பர்சனலா எடுத்துக்காதீங்க.”

“வேற எப்பிடி சார் எட்த்துக்கறது? சரி, நீங்க ஒரு தபா சொல்லுங்க. பயம் கீதா மாமு.”

“நானா?”

“இருக்கான்னுதான அர்த்தம். சொல்லுங்க.”

“சொல்லு சார்,” என்று தீனா கீழேயிருந்து குரல் கொடுத்தான். அவனைப் பார்த்து நாலு பேர் கை தட்டினார்கள். பரசுராமன் சாருக்கு வேறு வழியில்லை. சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டார். ஒரு தோளை உயர்த்தினார். வாயை ஒரு பக்கம் கோணினார். கண்ணைச் சுருக்கி, கத்தியைக் காட்டிப் பர்ஸைப் பிடுங்குகிறவன் மாதிரி நின்று சொன்னார்.

“பயம் கீதா மாமூ.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் வாயைக் கோணவில்லை, தோளைத் தூக்கவில்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

“நீங்க பேசுனா திருடன் மாரி கீது சார். நான் பேசுனா காப்பாத்த வந்தவன் மாரி இருந்துச்சு. பாஷ ஒன்னுதான்.”

அவர் காலரை இறக்கிவிட்டுக்கொண்டார். என் மைக்கை அவருடைய இன்னொரு கையில் கொடுத்தேன்.

“திருடனுக்கு ஆள் கெட்ச்சிட்டாரு சார். நீங்களே பேசிடுங்க,” என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன்.